வெறுமையாய் விட்ட ஒரு கட்டம்: படுவான்கரை நீர் அட்டவணை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரே குளத்தின் கீழ் வேளாண்மை செய்யும் கமக்காரர் அமைப்புகள் சில சேர்ந்து ஓர் இணையத்தளம் நடத்துகின்றன. அதில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த நீர் அட்டவணை, காதால் கேட்டு வாசித்த ஒருவருக்கு ஏன் பிழையாகப் போய்ச் சேர்ந்தது, அதை எப்படித் திருத்தினோம் என்பதே இந்த ஆய்வு. ஊரின் பெயரும் குளத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எழுதுவதற்கு அவர்களுடைய சம்மதம் இருக்கிறது, பெயர் போடுவதற்கு இல்லை.

பெரும்போகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகம் அப்படியல்ல, குளத்து நீர்தான் கதி. அதனால் சிறுபோகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் செய்வது, எந்த வட்டைக்கு (வயல்வெளிப் பிரிவுக்கு) எப்போது முதல் நீர் திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, எத்தனை மாத நெல் போடுவது என்றெல்லாம் அங்கே தீர்மானிப்பார்கள். மூன்று மாத நெல்லான பிஜி 300 போடுவதா, மூன்றரை மாத நெல்லான ஏடி 362 போடுவதா என்பதுகூட நீர் எப்போது நிறுத்தப்படும் என்பதைப் பொறுத்ததுதான்.

உள்ளூர்களிலிருந்து கூட்டத்துக்கு வந்துபோக ஒரு வேலைநாள் போய்விடும். எல்லோராலும் வர முடியாது. வராதவர்களுக்குத் தீர்மானங்கள் போய்ச் சேரவேண்டும் என்றுதான் இந்தத் தளமே தொடங்கப்பட்டது. கட்டிக் கொடுத்தவர் அதே ஊர் இளைஞர், கணினிக் கற்கைநெறி முடித்தவர். பதிவுகளைப் போடுபவர் இந்த அமைப்புகளின் ஒன்றியத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். தளம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பச்சை நிறத் தலைப்பட்டி, வயல் படம், நடுவில் அழகாகக் கோடு போட்ட நீர் அட்டவணை. கூட்டங்களில் அதைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள்.

நடந்தது

அந்தச் சிறுபோகத்தில் 11 வட்டைகளுக்கான அட்டவணை தளத்தில் ஏறியது. நான்கு நிரல்கள்: வட்டையின் பெயர், முதல் நீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியவேண்டிய திகதி, நெல்லின் வயது. நாலாம் வட்டையின் வாய்க்காலில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்ததால் அதற்குரிய முதல் நீர்த் திகதி தீர்மானமாகவில்லை. செயலாளர் அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டார். யாரும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

ஏழாம் வட்டையில் வயல் உள்ள ஒரு விவசாயி செத்த வீடொன்றின் காரணமாகக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவருடைய மகன் விழிப்புலனற்றவர், பாடசாலையொன்றில் சங்கீதம் கற்பிக்கிறார். வீட்டில் போனை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் அவர்தான். வங்கிச் செய்தி, மின்கட்டணம், பேரப்பிள்ளைகளின் பரீட்சை முடிவு எல்லாம் அவர் அண்ட்ரொயிட் போனில், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் டோக்பேக் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டு வீட்டாருக்குச் சொல்வார். நீர் அட்டவணையையும் அப்படியே கேட்டார்.

அவருக்குக் கேட்டது இதுதான்: முதலில் பதினொரு வட்டைப் பெயர்கள், அடுத்தடுத்து. அப்புறம் திகதிகள், அடுத்தடுத்து. அதன் பிறகு இன்னும் திகதிகள். பிறகு மூன்று, மூன்றரை, மூன்று என்று எண்கள். எது எதற்கு உரியது என்று ஒரு சொல்லும் இல்லை. பழகிய ஆள் என்பதால் எண்ணிப் பார்த்தார். பெயர்களில் அப்பாவின் வட்டை ஏழாவது. ஆகவே திகதிகளில் ஏழாவதை எடுத்துச் சொன்னார்.

வெற்றுக் கட்டத்தில் வாசிக்க எதுவும் இல்லை என்பதால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போயிருந்தது. காதுக்கு வந்தது பத்துத் திகதிகள். நாலாவதுக்குப் பிறகு எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிட்டன. ஏழாவதாகக் கேட்டது எட்டாம் வட்டையின் திகதி. அந்தப் போகத்தில் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைவட்டையிலிருந்து மேல்நோக்கி நீர் கொடுப்பதென்று தீர்மானம், ஆகவே எட்டாம் வட்டைக்கு ஐந்து நாள் முந்தியே நீர் வந்தது.

தகப்பன் முற்பணம் கொடுத்து உழவு இயந்திரம் பேசினார். இயந்திரம் வந்து நின்ற அன்று வாய்க்கால் காய்ந்து கிடந்தது. உழவுக்காரருக்கு வரிசையில் வேறு வயல்கள் இருந்தன, அவர் போய்விட்டார். திரும்ப முறை கிடைத்தபோது ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. விதைப்பு கடைசித் திகதிக்கு மிக அண்மையில்தான் முடிந்தது. விளைச்சல் அழிந்துவிடவில்லை. ஆனால் முற்பணம் போனது, வீட்டுக்குள் பேச்சும் வந்தது. "எண்ணிச் சொன்னது நீதானே மகன்" என்று தகப்பன் ஒருமுறை சொன்னதை மகன் பிறகு செயலாளரிடம் சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை; அட்டவணையில் ஏதோ பிழை இருக்கிறது, பாருங்கள் என்றுதான் கேட்டார். செயலாளர் அட்டவணையைப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

அந்த இடத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்த்தபோது தெரிந்தவை

முதலில் செய்தது மிக எளிய சோதனை. மடிக்கணினியில் ஃபயர்ஃபொக்ஸ் உலாவியைத் திறந்து, பார்வைப் பட்டியலில் பக்கத்தின் அலங்காரத்தை முழுதாக நிறுத்தினேன். நிறம் போயிற்று, கோடு போயிற்று, கட்டம் போயிற்று. மிஞ்சியது எழுத்து மட்டும், கோப்பில் எழுதப்பட்ட வரிசையில். பதினொரு பெயர், கீழே பத்துத் திகதி, கீழே இன்னும் பதினொரு திகதி. செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதில எந்தத் திகதி ஆருக்குத் தம்பி?" என்றார். அதன் பிறகு திரைவாசிப்பான் என்றால் என்ன என்று நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அட்டவணை அட்டவணையாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு நிரலும் ஒரு டிவ். அந்த நான்கு டிவ்களையும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. உயரம் ஒன்றாக இருந்ததால் கண்ணுக்கு நிரைகளாக (குறுக்கு வரிசைகளாக) தெரிந்தன. டிவ் என்பது எந்தப் பொருளும் சொல்லாத வெறும் பெட்டி. இது வட்டையின் பெயர், இது அதற்குரிய திகதி என்ற உறவு பார்ப்பவரின் கண்ணில் மட்டும் இருந்தது. கோப்பில் எங்கேயும் இல்லை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்காக வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில், 2008இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்தே, இதற்கு இரண்டு தேவைகள் அடிப்படை மட்டத்திலேயே உள்ளன. தோற்றத்தால் உணர்த்தப்படும் உறவு குறியீட்டிலும் இருக்கவேண்டும் என்பது 1.3.1. வரிசை பொருளை மாற்றுமானால் சரியான வரிசை குறியீட்டிலிருந்தே கிடைக்கவேண்டும் என்பது 1.3.2. இந்தத் தளத்தில் உழவுக் கூலியைத் தின்றது இரண்டாவது. முதலாவதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், இரண்டாவதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மற்றக் குறைகள் இதைவிடச் சிறியவை, ஆனால் சேர்ந்து தொல்லை தந்தன. தலைப்புகள் எல்லாம் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிய ஸ்பான்கள், அதாவது டிவ் போலவே பொருள் சொல்லாத குறிகள். கணினிக்கான என்விடிஏ திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகவேண்டும், இங்கே தலைப்பே இல்லை என்றது. தளத்தின் பட்டியலில் (மெனுவில்) உள்ள இணைப்புகள் சொடுக்கினால் வேலை செய்யும் டிவ்கள். விசைப்பலகையால் அவற்றைத் தொடவே முடியாது. பக்கத்தின் மொழி என்று வார்ப்புருவில் வந்த ஆங்கிலம் அப்படியே கிடந்தது, ஒரு வரி தவிர முழுப் பக்கமும் தமிழ். மொழியைப் பார்த்துக் குரலை மாற்றும் திரைவாசிப்பான் அதைக் கண்டால் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும்.

பழைய பதிவுகள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினி கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். 'அம்மா' என்பது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எந்தக் குறிச்சொல் (இது என்ன பகுதி என்று உலாவிக்குச் சொல்லும் குறி) போட்டாலும் அதைத் தமிழாக வாசிக்க வைக்க முடியாது, தேடுபொறிக்கும் அகப்படாது. முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றவேண்டும்.

ஏன் அப்படிக் கட்டப்பட்டது

இளைஞரிடம் கேட்டபோது இரண்டு காரணம் சொன்னார். இரண்டும் அசட்டுக் காரணங்கள் அல்ல.

ஒன்று, டேபிள் என்ற அட்டவணைக் குறிச்சொல் பழசு, டிவ்தான் புதுசு என்று படிப்பித்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தின் பாதி உண்மை. 1990களில் முழுப் பக்கத்தையும் டேபிளுக்குள் அடைத்து, பட்டியை ஒரு கட்டத்திலும் படத்தை இன்னொரு கட்டத்திலும் வைத்துத்தான் தளம் கட்டினார்கள். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸின் முதல் பதிப்பு வந்தது. உலாவிகள் அதை ஒழுங்காகக் கையாளத் தொடங்கியதும், தோற்றத்துக்காக டேபிள் போடாதீர்கள் என்ற குரல் வலுத்தது. சொன்னது தோற்றத்துக்கான டேபிளைப் பற்றி. நீர்த் திகதி, பரீட்சைப் புள்ளி, பஸ் நேரம் போன்ற உண்மையான அட்டவணைகளைப் பற்றி அல்ல. வகுப்பறைகளில் அறிவுரை சுருங்கிச் சுருங்கி 'டேபிள் கூடாது' என்று மட்டும் மிஞ்சிவிட்டது. 2014இல், இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பான எச்டிஎம்எல்5 டபிள்யூ3சியின் பரிந்துரையானபோது டேபிள் அதில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டாவது காரணம் போன். நான்கு நிரல் டேபிள் சின்னத் திரையில் வெளியே வழிந்தது. டிவ் நிரல்களை அவர் இழுத்துச் சுருக்க முடிந்தது. படுவான்கரையில் இந்தத் தளத்துக்கு வருகிறவர்களில் கணினியில் பார்ப்பவர்கள் யார்? செயலாளர் ஒருவர்தான். ஆகவே இந்தக் காரணத்தைத் தட்டிவிட முடியாது; அதற்கும் சேர்த்துத்தான் தீர்வு தேடினோம்.

எடுத்த தீர்மானங்கள்

செயலாளர் முன்வைத்த முதல் யோசனை, விழிப்புலனற்றவர்களுக்கென்று எழுத்து மட்டும் உள்ள தனிப் பக்கம். செலவு குறைவு, அழகான பக்கமும் கெடாது. இதை வேண்டாமென்று சொன்னேன். நீர்த் திகதி ஒரு போகத்தில் பல தடவை மாறும். இரண்டு பிரதி இருந்தால் அவசரத்தில் ஒன்று திருத்தப்படும், மற்றது மறக்கப்படும். மறக்கப்படுவது எந்தப் பிரதி என்று சொல்லத் தேவையில்லை.

இளைஞரின் யோசனை வேறு. இணையத்தில் தேடி, டிவ்களுக்கு மேலேயே, திரைவாசிப்பான் போன்றவற்றுக்கென்று உள்ள அரியா பண்புகளைப் போட்டு, இது டேபிள், இது நிரை, இது கட்டம் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லலாம் என்று கண்டுபிடித்திருந்தார். அது உண்மைதான், அப்படிச் செய்யலாம். ஆனால் அரியாவைப் பயன்படுத்துவோருக்குச் சொல்லப்படும் முதல் விதியே, அதே வேலையைச் செய்யும் எச்டிஎம்எல் குறிச்சொல் இருந்தால் அதையே எடு என்பது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது: நிரை என்று பெயர் வைக்க அங்கே நிரையே இல்லை. கோப்பில் இருந்தவை நிரல் பெட்டிகள். ஒரு நிரைக்குரிய நான்கு கட்டங்களும் நான்கு வேறு பெட்டிகளுக்குள் சிதறிக் கிடந்தன. இல்லாததற்கு எப்படிப் பெயர்ப்பலகை மாட்டுவது?

ஆகவே அட்டவணையை உடைத்து, உண்மையான டேபிளாக நிரை நிரையாக எழுதுவது என்று முடிவாயிற்று. மேலே கேப்ஷன்: எந்தப் போகம், எந்தக் குளம். நிரல் தலைப்புகளுக்கு டிஎச் என்ற தலைப்புக் கட்டம். ஒவ்வொரு நிரையின் முதற் கட்டமான வட்டைப் பெயருக்கும் டிஎச், அந்த நிரைக்குரிய தலைப்பு என்று ஸ்கோப் பண்பில் குறித்து. மற்றவை சாதாரணக் கட்டமான டிடி. இவ்வளவுதான். எழுதி முடித்தபோது பழைய கோப்பைவிடச் சின்னதாக இருந்தது.

பக்கத்தின் மொழியைத் தமிழாக்கினோம். பக்கத்துக்கு ஒரு முதன்மைத் தலைப்பு, எச்1; விடயத்துக்கு விடயம் துணைத் தலைப்பு, எச்2. மெனுப் பட்டியலுக்கு நாவ் என்ற குறிச்சொல், அதற்குள் பட்டியலைக் குறிக்கும் யூஎல், உண்மையான இணைப்புகள். திகதிகளை டைம் குறிச்சொல்லுக்குள் வைத்தோம். இந்தக் கடைசியால் கேட்பவருக்கு ஒரு மாற்றமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் வாசிக்கத்தக்க திகதி பிறகு உதவலாம் என்பதற்காக வைத்தது.

வெற்றுக் கட்டம் இனி இருக்கக்கூடாது என்பதும் ஒரு தீர்மானம். 'இன்னும் தீர்மானமாகவில்லை' என்று எழுதவேண்டும். இது குறிச்சொல் விடயமே அல்ல. ஆனால் எல்லாத் திருத்தங்களிலும் ஒன்றை மட்டும் செய்ய விடுவார்கள் என்றிருந்தால் நிரை வரிசைக்கு அடுத்தபடி இதைத்தான் எடுத்திருப்பேன். கண்ணால் பார்த்தவர்களில்கூடச் சிலர் அந்த வெறுமையை 'நாலாம் வட்டைக்கு இம்முறை நீர் இல்லை' என்று விளங்கிக்கொண்டிருந்தார்களாம்.

பாமினிப் பதிவுகளில் அண்மைய போகங்களுக்குரியவற்றை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றுக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் எண்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த இடங்களில் குழப்பும். ஒவ்வொன்றையும் ஆள் பார்த்துத் திருத்தவேண்டும். முழுவதையும் செய்ய நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

முதற் சோதனைகள்

மாற்றங்களைச் செய்தவர் அதே இளைஞர். சோதித்தவர் சங்கீத ஆசிரியர், தன்னுடைய போனில், தன்னுடைய வேகத்தில். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

முதற் சுற்றில் டேபிள் கணினியில் சரியாக வந்தது. என்விடிஏயில் டி விசை நேரே அட்டவணைக்குக் கொண்டுபோயிற்று. கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது வட்டையின் பெயரையும் நிரல் தலைப்பையும் சேர்த்துச் சொன்னது. போனில் மட்டும் அட்டவணை என்ற அறிவிப்பே வரவில்லை. காரணம், சின்னத் திரைக்காக இளைஞர் ஒவ்வொரு நிரையையும் சிஎஸ்எஸ் மூலம் அட்டையாக மாற்றியிருந்தார். டேபிளின் காட்சி வகையை இப்படி மாற்றினால் சில உலாவிகள் அதை டேபிளாகத் திரைவாசிப்பானுக்குக் கொடுப்பதில்லை. தோற்றம் பொருளைத் தொடாது என்று பாடத்தில் படிக்கிறோம்; இந்த இடத்தில் தொடுகிறது. அட்டைகளை எடுத்துவிட்டு, டேபிளை அப்படியே வைத்து, அதைச் சுற்றிப் பக்கவாட்டில் உருளும் ஒரு பெட்டி போட்டோம். வட்டைப் பெயர் நிரல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மற்றவை உருளும். விசைப்பலகையால் உருட்டவும் வழி வைத்தோம். கண்ணால் பார்ப்பவர்களில் சிலர் முன்பு முழுதும் ஒரே திரையில் தெரிந்ததே என்று முணுமுணுத்தார்கள். அது நியாயமான முணுமுணுப்பு. தெரிந்த எழுத்து எறும்பளவு என்பதும் உண்மை.

இரண்டாம் சுற்றில் வேறொரு விதம். இளைஞருக்குப் புதுக் குறிச்சொற்கள் பிடித்துப்போய், ஒவ்வொரு பந்தியையும் செக்ஷன் என்ற பகுதிக் குறிச்சொல்லுக்குள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் கொடுத்துவிட்டார். பெயர் கொடுத்த செக்ஷன் திரைவாசிப்பானுக்கு ஒரு முக்கிய பகுதி. ஆசிரியர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, பகுதி பகுதி எண்டு சொல்லிக்கொண்டே இருக்கு, விசயத்தைச் சொல்லுதில்ல" என்றார். பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டோம். தலைப்பு ஒழுங்காக இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

மூன்றாவதாகத் திகதி. '20.04' என்று எழுதியிருந்ததைக் குரல் தசம எண்ணாக வாசித்தது. ஏப்ரல் 20 என்று எழுத்தில் எழுதுவதாக மாற்றினோம்.

அடுத்த போகம்

அடுத்த சிறுபோகத்தில் திகதிகள் கூட்டத்துக்குப் பின்னரும் மாறின. ஆசிரியர் இம்முறை எண்ணவில்லை. ஏழாம் வட்டையின் பெயர் வந்ததும் அதன் திகதியும் உடனே வந்தது. தகப்பன் அப்படியும் வட்டையின் நீரைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உழவுக்குப் பேசினார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எதிர்பாராத பயன் செயலாளருக்குக் கிடைத்தது. முன்பு தளத்திலிருந்து அட்டவணையைப் பிரதி எடுத்து எக்ஸலில் ஒட்டினால் எல்லாம் ஒரே நிரலில் நீளமாக விழும். ஒவ்வொரு தடவையும் கையால் பிரித்து அடுக்குவார். இப்போது கட்டத்துக்குக் கட்டம் சரியாக விழுகிறது. கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பும் பட்டியல் நிமிடங்களில் முடிகிறது. உண்மையைச் சொன்னால், விழிப்புலனற்ற ஒருவருக்காக என்று சொன்னபோது தலையாட்டிய நிர்வாகக் குழு, இந்த எக்ஸல் விடயத்தைக் கண்ட பிறகுதான் மற்றப் பக்கங்களையும் திருத்தப் பணம் ஒதுக்கியது. எனக்கு அதில் சிறு வருத்தம் இருக்கிறது. ஆனால் பணம் வந்தது.

பிழைத்த இடமும் உண்டு. சில வாரங்களில் தலைப்புகள் மறுபடி காணாமல் போயின. செயலாளர் அறிக்கைகளை வேர்டில் தயாரித்து அப்படியே ஒட்டுவார். அங்கே தலைப்பு என்பது தடிப்பெழுத்து மட்டும். பதிவுப் பெட்டியில் தலைப்பு வகையைத் தெரிவு செய்யுங்கள் என்று இளைஞர் சொல்லிக் கொடுத்தார். செயலாளர் கேட்டுக்கொண்டார், மறந்தார், மறுபடி கேட்டார்.

இனிச் செய்தால்

இப்படி ஒரு வேலை மறுபடி வந்தால் அட்டவணையைச் செயலாளர் கையால் தட்ட விடமாட்டேன். வட்டை, திகதி, வயது என்று ஒரு படிவம். நிரப்பினால் டேபிள் தானாக உருவாகவேண்டும். வெறுமையாய் விட்டால் சேமிக்க மறுக்கவேண்டும். குறிச்சொல் ஒழுங்கை மனிதரின் ஞாபகத்தில் வைப்பது ஒரு போகத்துக்குத்தான் தாங்கும்.

கேட்டு வாசிக்கும் ஒருவரை வடிவமைப்பு முடிந்த பிறகு அல்ல, அட்டவணையில் என்ன நிரல்கள் வேண்டும் என்று பேசும்போதே கூப்பிடுவேன். ஆசிரியர் முதல் நாளே இருந்திருந்தால் நான்கு நிரல்களில் நெல்லின் வயதை எடுத்துவிடச் சொல்லியிருப்பார். பெரும்பாலான ஆண்டுகளில் அது எல்லா வட்டைக்கும் ஒன்றுதான், மேலே ஒரு வரியில் சொல்லிவிடலாம். போன் திரைத் தொல்லையும் பாதி தீர்ந்திருக்கும்.

தீராமல் நிற்பது தீர்மானக் கடிதங்கள். கையொப்பமிட்ட கடிதம் படமாக வாட்ஸ்அப்பில் வருகிறது, படமாகவே தளத்தில் ஏறுகிறது. படத்துக்கு 'தீர்மானக் கடிதம்' என்று மாற்று உரை கொடுத்தால் அங்கே ஒரு கடிதம் இருக்கிறது என்று மட்டும் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. முழுவதையும் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். இப்போதைக்கு நீர், விதைப்பு, வாய்க்கால் துப்புரவு பற்றிய பந்திகளை மட்டும் செயலாளர் தட்டிப் படத்துக்குக் கீழே போடுகிறார். மீதியை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறார்.